மதகுச் சாவி யார் கையில்?

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. சொந்த ஊர் காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் பி.ஜி.யில் தங்கி, ஒயிட்ஃபீல்டில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷமாக இரவு நேரத்திலும் சனி ஞாயிறிலும் ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் பார்த்து மாற்றக்கூடிய, ஒரு டேட்டாபேஸ் கருவிக்கு கோட் (நிரல்) எழுதித் தருகிறேன். சம்பளம் கிடையாது. அதன் உரிமம் ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த உரிமம். கருவியை நடத்துவது ஒரு அமெரிக்க கம்பெனி. போன வருஷம் அவர்களுக்குப் பெரிய முதலீடு வந்தது. எனக்கு ஒரு டி-ஷர்ட்டும் பையும் அனுப்பினார்கள். இப்போது என்னைக் ‘கம்யூனிட்டி மெயின்டெய்னர்’ (திட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளர்) ஆகச் சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் இரவு 9 முதல் 11 வரை இஷ்யூ (பயனர்கள் சொல்லும் பிழைகள்) பார்க்க வேண்டும், செக்யூரிட்டி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், மாதம் ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். இதற்கும் பணம் இல்லை. கூடவே ஒரு புதிய சி.எல்.ஏ.வில் (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) கையெழுத்து கேட்கிறார்கள். நான் கொடுக்கும் கோடை ‘எங்கள் விருப்பப்படி எந்த உரிமத்தின் கீழும்’ வெளியிடலாம் என்று அதில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

அப்பா ஏரிப் பாசன விவசாயி. “யாரோ கோடீஸ்வரனுக்கு எதுக்கும்மா இந்த வெட்டி வேலை?” என்கிறார். ஆனால் நான் படித்ததே இலவச மென்பொருளில்தான். அந்தக் கடனை அடைக்க வேண்டாமா? விலகினால் நன்றி மறந்தவள் ஆகிவிடுவேனா? கல்லூரி ஜூனியர்கள் வேறு, “அக்கா, எங்களையும் இதில் சேர்த்துவிடுங்க, ரெஸ்யூமேக்கு உதவும்” என்கிறார்கள். சேர்த்துவிடலாமா? எங்கள் எச்.ஆரும் இதைப் பற்றி விசாரிக்கிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொறுப்பை இந்த நிபந்தனைகளோடு ஏற்காதீர்கள். புதிய சி.எல்.ஏ.வில் கையெழுத்துப் போடாதீர்கள். கோட் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கே, யாருக்காக எழுதுவது என்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் அப்பாவின் வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாமலே அவர் சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வரும். கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய வேலைக்கு அதுதான் பெயர். சில நிலங்களுக்கும் ஊர்களுக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்ததாகவும் கல்வெட்டுகள் சொல்கின்றன. விலக்குக் கொடுக்கிற அளவுக்கு அது சுமையாக இருந்திருக்கிறது. கூலி இல்லாத இன்னொரு வேலையும் நம் ஊர்களில் இருந்தது: குடிமராமத்து. ஏரிக்கரையைப் பலப்படுத்த, வரத்துக்கால்வாயில் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவார்கள். காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டி வாழ்கிற உங்கள் அப்பாவுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே பல முறை போயிருப்பார். அப்போது அதை ‘வெட்டி வேலை’ என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டிலும் கூலி இல்லை. குடிமராமத்தில் ஏரித் தண்ணீர் அவரவர் வயலுக்கும் போகும், போகிறவர்களும் சேர்ந்து முடிவெடுத்த வேலை அது. வெட்டியில் வேலை உங்களுடையது, முடிவு இன்னொருவருடையது. ஆங்கிலேய அரசு 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு, ஏரி, கால்வாய் மராமத்துக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தி அழைக்க வழி செய்தது. மண் அதே மண், ஏரி அதே ஏரி. ஊர் தன் விருப்பத்தில் செய்து வந்த வேலை, சட்டம் வந்ததும் வேறு வேலையாகிவிட்டது.

உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பை இந்தக் கண்ணோடு படித்தேன். மூன்று வருஷமாக நீங்கள் செய்து வந்தது குடிமராமத்து. உங்களுக்குத் தோன்றியபோது, உங்களுக்குப் பிடித்த பிழையைத் திருத்தினீர்கள். இப்போது கேட்பதில் கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, கெடு இருக்கிறது, ரிப்போர்ட் இருக்கிறது. சம்பளம் ஒன்றுதான் இல்லை. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இணைய நிறுவனம் தன் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. அவர்களுக்கு ஷிப்ட் இருந்தது, பயிற்சி இருந்தது, வேலை நேரத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1999இல் அவர்களில் சிலர், நாங்கள் தன்னார்வலர்கள் இல்லை, ஊழியர்கள் என்று வழக்குப் போட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் இழுத்து, கடைசியில் 1.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அது அமெரிக்கத் தொழிலாளர் சட்டம், உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதில் எழுந்த கேள்வியை, வழக்கறிஞரான என்னிடம் வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன்: இந்த வாரம் முடியாது என்று சொன்னால் யாரிடமாவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்குமா? ஆம் என்றால் அது வேலை. வேலைக்குக் கூலி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

செக்யூரிட்டிப் பொறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்கிற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருளில் யாரோ பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) வைத்திருந்தது வெளிப்பட்டது. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் கருவி அது. அதைப் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் ஒற்றை ஆளாகக் கவனித்து வந்தவர், மனநலப் பிரச்சினைகளால் முன்பு போல வேலை செய்ய முடியவில்லை என்று 2022இலேயே வெளிப்படையாக எழுதியிருந்தார். அந்த நேரத்தில் பல பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. உதவ வந்ததாகக் காட்டிக்கொண்ட ஒருவரின் கைக்குப் பொறுப்பு மெல்லப் போனது. கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. பகலெல்லாம் ஒயிட்ஃபீல்டில் உழைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் களைத்த கண்ணோடு ஒரு டேட்டாபேஸின் பாதுகாப்பைக் காப்பது உங்களுக்கு நல்லதில்லை. அந்த டேட்டாபேஸில் தங்கள் விவரங்கள் இருப்பது தெரியாமலே இருக்கிற மக்களுக்கும் நல்லதில்லை. பணம் வைத்திருக்கிற நிறுவனம் இந்த வேலைக்கு ஆள் போட வேண்டும். அதை அவர்களிடம் சொல்வதும் ஒரு பங்களிப்புதான்.

இனி சி.எல்.ஏ. எனக்கு அதிகக் கவலை இதில்தான்.

ஏ.ஜி.பி.எல். 2007இல் வந்த உரிமம். அதன் உயிர்நாடி இதுதான்: இந்த மென்பொருளை மாற்றி, நெட்வொர்க் வழியே சேவையாகக் கொடுத்தாலும் மாற்றிய கோடைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்பதால்தான் உங்களைப் போன்றவர்கள் நம்பி எழுதுகிறீர்கள். ‘எங்கள் விருப்பப்படி எந்த உரிமத்தின் கீழும்’ என்ற அந்த ஒரு வரி, நிறுவனத்தை மட்டும் இந்த நிபந்தனையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது. நீங்கள் உட்பட உலகம் முழுவதும் ஏ.ஜி.பி.எல்.லுக்குக் கட்டுப்பட வேண்டும். அவர்கள் மட்டும் உங்கள் கோடை மூடிய பொருளாக விற்கலாம். கரையைக் கட்டியது ஊர், மதகுச் சாவி ஒரே வீட்டில்.

இது கற்பனைப் பயம் இல்லை. மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் ஏ.ஜி.பி.எல்.லில்தான் இருந்தது. 2018 அக்டோபரில் அந்த நிறுவனம் தானே எழுதிய, கிளவுட் சேவையாகத் தருகிறவர்களை இன்னும் கட்டுப்படுத்தும் எஸ்.எஸ்.பி.எல். உரிமத்துக்கு மாறியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் சர்வர் நிர்வாகக் கருவியை, போட்டியாளர்கள் பயன்படுத்தக் கட்டுப்பாடு உள்ள உரிமத்துக்கு மாற்றியது. அடுத்த ஏப்ரலில் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இந்த நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை எடுத்து விற்று லாபம் பார்க்கின்றன, திரும்ப எதுவும் தருவதில்லை என்றார்கள். கோடின் பெரும்பகுதியைச் சம்பளம் கொடுத்து எழுதவைத்ததும் அவர்கள்தான். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எல்லோருக்கும் திறந்திருக்கும்’ என்ற பேச்சை நம்பி இலவசமாக எழுதியவர், பிறகு வரப்போகும் எல்லா ஏற்பாட்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்வது நேர்மையில்லை.

எல்லா சி.எல்.ஏ.வும் மோசம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அப்பாச்சி அறக்கட்டளையும் கேட்கிறது. லாப நோக்கமில்லாத, தன் நோக்கத்தை எழுதி வைத்துக் கட்டுப்பட்டிருக்கிற ஓர் அமைப்பிடம் சாவி இருப்பது வேறு, முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனியிடம் இருப்பது வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் யாரிடமும் சாவியைக் கொடுக்கவே இல்லை. 2004 முதல் அங்கே டி.சி.ஓ. என்ற எளிய உறுதிமொழிதான்: இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி. பதிப்புரிமை எழுதியவர்களிடமும் அவர்களுடைய முதலாளிகளிடமும் சிதறிக் கிடக்கிறது. அதனால் யாரும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. இத்தனைக்கும் இன்று கெர்னல் கோடின் பெரும்பகுதியை எழுதுவது கம்பெனிச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். கம்பெனிப் பணம் உள்ளே வருவதில் தப்பில்லை, சாவி பொதுவில் இருக்கும் வரை.

என் அனுபவம் ஒன்று. வழக்கறிஞர் ஆவதற்கு முன்பு நான் புரோகிராமராக இருந்தேன். 2000களின் தொடக்கத்தில், அல்சூரில் ஒரு சிறிய அறையில் இருந்தபடி, ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் மெனுக்களைத் தமிழாக்கும் வேலையில் கொஞ்சம் கைகொடுத்தேன். ‘சேமி’ போதுமா, ‘சேமிக்கவும்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமா என்று இரவெல்லாம் பேசியிருக்கிறோம். அந்த மென்பொருள் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துடையது. கோட் தருகிறவர்கள் அந்த நிறுவனத்தோடு கூட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் பங்களிப்பாளர்களில் பலர் பிரிந்து போய் லிப்ரே ஆபீஸ் தொடங்கினார்கள். அங்கே பதிப்புரிமையை யாருக்கும் எழுதித் தர வேண்டாம் என்றார்கள். நாங்கள் மொழிபெயர்த்த பல சொற்கள் அதன் வழியே பிழைத்தன. இன்றும் யாராவது தமிழ் இடைமுகத்தில் ஒரு கோப்பைச் சேமிப்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. எனக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை, அதற்காக நான் வருந்தியதும் இல்லை. உரிமம் திறந்ததாக இருந்ததால் நிறுவனம் கை மாறியபோதும் கோடை எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருந்தது.

அதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1990களில் இசைக் குறுந்தகட்டைக் கணினியில் போட்டால் பாட்டுப் பெயர் தெரியாது. உலகம் முழுக்க ரசிகர்கள் தாங்களே தட்டச்சு செய்து சி.டி.டி.பி. என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்பினார்கள். 1998இல் அது ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, பயன்படுத்தக் கட்டணமும் நிபந்தனைகளும் வந்தன. 2008இல் சோனி அதை ஏறக்குறைய 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை. மனம் நொந்தவர்கள் ஃப்ரீடிபி, மியூசிக்பிரைன்ஸ் என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

உங்களுக்கு ஆறுதலான செய்தி: நாளை அவர்கள் உரிமத்தை மாற்றினாலும், இதுவரை ஏ.ஜி.பி.எல்.லில் வெளிவந்த பதிப்புகளை மூட முடியாது. யாரும் அங்கிருந்து ஃபோர்க் செய்யலாம், அதாவது பிரதியெடுத்துத் தனித் திட்டமாக வளர்க்கலாம். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் உரிமம் மாறியபோது, சில நாட்களுக்குள் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அதன் ஃபோர்க்கான வால்கீ வந்துவிட்டது. உங்கள் மூன்று வருஷ உழைப்பு வீணாகவில்லை. ஆனால் பழைய சி.எல்.ஏ. ஏதாவதில் நீங்கள் ஏற்கெனவே ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் பி.ஆர். (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்ட நாளில் படிக்காமலே அழுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கடன் என்றீர்கள். அந்த உணர்வு உயர்ந்தது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் யாருக்குக் கடன்? கல்லூரி லேபில் நீங்கள் தொட்ட லினக்ஸையும் பைத்தானையும் இந்தக் கம்பெனி உங்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் அதே பொதுச் சொத்தின் மேல்தான் நிற்கிறார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் கடன் கொடுத்தது ஒரே இடம். பொதுவுக்குப் பட்ட கடனை ஒரு கம்பெனியின் கணக்கில் கட்ட வேண்டியதில்லை. பணம் படைத்த யாரும் பின்னால் நிற்காத எத்தனையோ நிரல் நூலகங்கள் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் கோட் தொகுப்புகள்) ஒற்றை ஆள் தோளில் இருக்கின்றன. தமிழ்க் கணிமைத் திட்டங்களுக்கும் உங்களைப் போன்ற கை எப்போதும் தேவை. அதனால் விலகுவது நன்றி மறப்பது ஆகாது. சொல்லாமல் மறைந்துபோனால்தான் உடன் உழைத்தவர்களுக்குச் சங்கடம். கையில் இருக்கிற பி.ஆர்.களை முடித்தோ ஒப்படைத்தோ விட்டுப் போங்கள்.

கம்பெனிக்கு நான்கு வரியில் எழுதுங்கள்: “அழைப்புக்கு நன்றி. நேரமும் கெடுவும் உள்ள பொறுப்பை ஊதிய ஒப்பந்தத்தின் பேரில் மட்டுமே ஏற்க இயலும். புதிய சி.எல்.ஏ.வில் கையெழுத்திட இயலாது, டி.சி.ஓ. முறையில் பங்களிக்கத் தயார். இரண்டும் சரிவராது என்றால் என் பகுதியை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன்.” கோபம் வேண்டாம், நீண்ட விளக்கம் வேண்டாம். ஊதியம் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், அடுத்த பத்தியைப் படிக்காமல் சம்மதிக்காதீர்கள்.

எச்.ஆர். விஷயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். கணினி நிரலும் அதில் அடக்கம். ஓய்வு நேரத்தில், சொந்த லேப்டாப்பில், ஆபீஸ் வேலைக்குத் தொடர்பில்லாமல் எழுதியது பொதுவாக இதில் வராது. ஆனால் பல கம்பெனிகளின் நியமன ஒப்பந்தம் சட்டத்தைவிட அகலமாக வலை விரிக்கும்: ‘பணிக்காலத்தில் உருவாக்கிய அனைத்தும்’ என்று இருக்கும். அப்படி இருந்தால், உங்களுக்குச் சொந்தமில்லாத கோடைக் கொடுத்ததாக இரண்டு பக்கமும் சிக்கல் வரும். 2022இல் மூன்லைட்டிங் (வேலையில் இருந்துகொண்டே வெளி வேலை பார்ப்பது) பேச்சு இந்த ஊரையே உலுக்கியதிலிருந்து எச்.ஆர்.கள் இதில் கூர்மையாக இருக்கிறார்கள். ஊதியம் வாங்கினால் இன்னும் கூர்மையாவார்கள். வாய்ப்பேச்சில் விடாமல், எந்தத் திட்டம், எப்போது, எந்தக் கருவியில் என்று மின்னஞ்சலில் தெரிவித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு கமிட்டும் (கோட் பதிவும்) வேண்டாம்.

ஜூனியர்களைச் சேர்த்துவிடலாமா என்ற கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீங்கள் 24 வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டே விருப்பத்தால் தொடங்கினீர்கள். அவர்கள் வேலை கிடைக்குமா என்ற பயத்தில் வருகிறார்கள். மாலையில் பகுதி நேர வேலைக்கோ, வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கவோ போக வேண்டிய பிள்ளைக்கு இலவசமாக எழுத நேரம் ஏது? இலவச உழைப்பை வேலைக்கான வாசற்படி ஆக்கினால், வசதியுள்ளவர்கள் மட்டும்தான் ஏற முடியும். பயத்தில் செய்யும் பங்களிப்பு மென்பொருளுக்கும் நல்லதில்லை. 2020 அக்டோபரில், டி-ஷர்ட் தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வுக்காக, ஒரு சொல்லை மாற்றுவது போன்ற உப்புச்சப்பில்லாத பி.ஆர்.கள் வெள்ளமாக வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் பங்கேற்கும்படி சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குப்பையைக் கிளறியவர்களில் பலர் சம்பளமில்லாத மெயின்டெய்னர்கள்.

அவர்களுக்கு உதவித்தொகை உள்ள வழியைக் காட்டுங்கள். கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005 முதல் நடக்கிறது, அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமும் பணம் தருகிறது. பெங்களூருவில் ஃபாஸ் யுனைடெட் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் கூட்டங்களுக்கு அழைத்துப் போங்கள். அங்கே கோட் எழுதுகிறவர்களோடு நேரில் பேசலாம். பிறகு அவர்களாக ஒரு கருவியைப் பயன்படுத்தி, அதில் ஒரு பிழை உறுத்தி, திருத்தத் தோன்றினால் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். முதல் பி.ஆர். போடுவதற்கு முன்பு அந்த ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) உரிமத்தையும் சி.எல்.ஏ.வையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டி-ஷர்ட்டையும் பையையும் திருப்பி அனுப்ப வேண்டாம். நியமன ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பின் கீழ் வரும் பக்கங்களை மட்டும், உங்கள் பெயரையும் கம்பெனிப் பெயரையும் மறைத்து, எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு எச்.ஆருக்கு எழுத வேண்டிய வரிகளைச் சொல்கிறேன். மாதக் கடைசி என்பது அவர்கள் வைத்த தேதி. அதற்குள் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.